எழுத்துக்கும் ஓர் அதபு உண்டு

அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு முதன்முதலாக அருளப்பெற்ற இறைவசனங்களிலேயே எழுதுகோலின் பெருமை பேசப்பெற்றுள்ளது. திருக்குர்ஆனின் 68-ஆம் அத்தியாயத்திற்கு ‘அல்கலம்’ என்றே பெயர். எழுதுகோலை இவ்வளவு உயரத்தில் வைத்த ஒரு சமுதாயம், எழுத்தின் வடிவத்தையும் போற்றி வளர்த்ததில் வியப்பில்லை. ஆயினும் இன்று ‘வரைகலை வடிவமைப்பு’ என்னும் பெயரைக் கேட்டவுடன், அது மேனாட்டில் பிறந்து, விளம்பரக் கம்பெனிகளில் வளர்ந்து, கணிப்பொறி வழியாக நம் வீட்டுக்குள் வந்த புதுத்தொழில் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பாதி உண்மை. மறுபாதியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்து, படம், வண்ணம், வெற்றிடம் ஆகிய நான்கையும் ஓர் ஒழுங்கில் அமைத்து, காண்பவர் சிரமமின்றிச் செய்தியைப் பெறுமாறு செய்வதே வரைகலை வடிவமைப்பு. நாளிதழின் தலைப்பும், மருந்துப் புட்டியின் மேற்சீட்டும், பள்ளிவாசலின் தொழுகை நேரப் பலகையும், ரூபாய் நோட்டும் எல்லாம் இதன் எல்லைக்குள் அடங்கும். அழகு இதில் உண்டு. ஆனால் அழகு மட்டும் இதன் குறிக்கோள் அன்று. படிப்பவருக்குக் காட்டும் மரியாதையே இக்கலையின் உயிர்நாடி. நம் வழக்கில் ஒரே சொல்லில் சொல்வதானால், அது எழுத்தின் அதபு.

தாம்பரம் பாதையில் எழுத்தின் கதை

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை 1931-ஆம் ஆண்டு மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று தென்சென்னையின் புறநகர்கள் இவ்விருப்புப் பாதையின் இருமருங்கிலுமாக வளர்ந்தன. இப்பாதையிற் செல்வோர் நாள்தோறும் எழுத்தின் நெடிய வரலாற்றை அறியாமலேயே கடந்து செல்கின்றனர்.

பரங்கிமலையின் உச்சியிலுள்ள கிறித்தவ ஆலயத்தில் ஒரு கற்சிலுவை இருக்கிறது. 1547-இல் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த அச்சிலுவையைச் சுற்றிப் பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்துப் பொறிக்கப்பெற்றுள்ளது. கடல் கடந்து வந்த ஓர் எழுத்து, தமிழகத்தின் கல்லில் இடம் பெற்றது. சற்றுத் தெற்கே பல்லாவரம் குன்றில், கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகை இருக்கிறது. பிற்காலத்தில் அது முஸ்லிம்கள் வந்து துஆச் செய்யும் தர்காவாக அமைந்தது. அக்குகையின் கல்லில் அம்மன்னனின் விருதுப் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. பல்லவர் வளர்த்த இவ்வெழுத்து முறை கடல் கடந்து தென்கிழக்காசிய நாடுகள் பலவற்றின் எழுத்துகளுக்கும் மூலமாயிற்று.

இவ்விரண்டு கல்லெழுத்துகளையும் பார்த்துவிட்டு, ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையையும் ஒருமுறை கூர்ந்து நோக்க வேண்டும். மஞ்சள் நிலத்தில் கரிய எழுத்து. தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய மும்மொழி. சித்திர வேலைப்பாடு ஏதுமில்லை. ஓடும் வண்டியிலிருந்து, நெரிசலின் இடுக்கிலிருந்து, ஊருக்குப் புதிதாக வருபவர் ஒரு நொடியில் படித்தாக வேண்டும் என்பதே அதன் இலக்கணம். மன்னனின் கல்லெழுத்து அவனுடைய புகழைப் பேசுவதற்காக வெட்டப்பட்டது. நிலையப் பலகையோ பெயர் தெரியாத பயணி ஒருவருக்காக எழுதப்பட்டது. எழுத்து மன்னனுக்கு ஊழியம் செய்வதிலிருந்து மக்களுக்கு ஊழியம் செய்வதற்கு மாறியதே நவீன வரைகலையின் தொடக்கம் எனலாம்.

லண்டனும் பக்தாதும்

இம்மாற்றத்தை மிகத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியும் ஒரு ரயில் நிறுவனத்தைச் சார்ந்ததே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் நிலையங்களின் சுவர்களெங்கும் விளம்பரங்கள் மண்டிக் கிடந்தன. அவற்றினிடையே நிலையத்தின் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதே பயணிகளுக்குப் பெரும்பாடாயிற்று. அந்நிறுவனத்தின் அதிகாரி ஃபிராங்க் பிக் என்பார், எட்வர்ட் ஜான்ஸ்டன் என்னும் எழுத்தோவியரை அணுகினார். ஜான்ஸ்டன் பழங்காலக் கையெழுத்துச் சுவடிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். அகன்ற முனையுள்ள பேனாவினால் எழுதும் கலையை மீட்டெடுத்தவர். அவர் வடித்துக் கொடுத்த எழுத்துகள் 1916-இல் பயனுக்கு வந்தன. அவற்றில் முனைக்கோடுகள் இல்லை, ஆடம்பரம் இல்லை. தொலைவிலிருந்தும் தெளிவாகத் தெரிந்தன. அந்நிறுவனத்தின் வழித்தடங்களை ஹாரி பெக் என்பார் நேர்கோடுகளாலும் சாய்கோடுகளாலும் எளிமைப்படுத்தி வரைந்ததும், தாம்பரத்திற்கு மின்வண்டி வந்த அதே 1931-ஆம் ஆண்டில்தான். அப்படம் 1933-இல் வெளியாயிற்று. உலகின் ரயில் வரைபடங்கள் பலவற்றுக்கு அது முன்மாதிரி ஆயிற்று.

ஜான்ஸ்டனின் எழுத்தில் ஒரு நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். ஆங்கிலச் சிறிய ‘ஐ’ எழுத்தின் மேலுள்ள புள்ளியை அவர் வட்டமாக இடவில்லை; சாய்சதுரமாக இட்டார். அகன்ற முனைப் பேனாவைச் சாய்த்து ஒருமுறை ஒற்றினால் விழும் வடிவம் அது. அரபு எழுத்தணிக் கலையைச் சிறிதளவேனும் அறிந்தவர்கள் இப்புள்ளியைப் பார்த்தவுடன் புன்னகை புரிவர். அது நம் ‘நுக்தா’வின் வடிவமேயன்றோ!

கி.பி. 10-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அப்பாசியக் கலீஃபாக்கள் மூவரிடம் அமைச்சராயிருந்த இப்னு முக்லா என்பார், அரபு எழுத்துகளுக்கு அளவு முறை வகுத்தார். நாணற் பேனாவை ஒருமுறை ஒற்றினால் விழும் சாய்சதுரப் புள்ளியே அளவுகோல். அத்தகைய புள்ளிகள் இத்தனை சேர்ந்தால் அலிஃபின் உயரம். அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்திற்குள் ஏனைய எழுத்துகளின் வளைவுகள் அமைய வேண்டும். எழுதுபவரின் மனம்போன போக்கில் கிடந்த எழுத்து, இதனால் கணக்கிற்கு உட்பட்டது. அரசியற் சூழ்ச்சியால் அப்பெருமகனாரின் வலக்கை வெட்டப்பட்டது. 940-இல் அவர் சிறையிலேயே காலமானார். ஆனால் அவர் வகுத்த அளவு மறையவில்லை. இப்னுல் பவ்வாபும், யாகூத் அல்முஸ்தஃஸிமியும் அதனை மேலும் செம்மைப்படுத்தினர்.

இதனைக் கொண்டு, ஜான்ஸ்டன் பக்தாதைப் பார்த்து எழுதினார் என்று நாம் பெருமை கொண்டாட வேண்டியதில்லை. அதற்கு ஆதாரமும் இல்லை. ஒரே வகைக் கருவியைக் கையிலெடுத்து, ஒரே வகை ஒழுக்கத்துடன் உழைத்த இருவர், ஆயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரே வடிவத்தை வந்தடைந்தனர் என்பதே உண்மை. அளவும் ஒழுங்கும் எந்த நாட்டாருக்கும் தனிச்சொத்து அல்ல என்பதற்கு இது போதிய சான்று.

இம்மரபின் இற்றை நாள் வடிவம் நம் வீடுகளிலேயே உள்ளது. ஹஜ்ஜுக்குச் சென்று வருவோர் கொண்டுவரும் மதீனாப் பதிப்பின் திருக்குர்ஆன், சிரியாவைச் சேர்ந்த உஸ்மான் தாஹா என்னும் எழுத்தணிக் கலைஞரின் கையெழுத்து. பக்கத்திற்கு 15 வரிகள். மொத்தம் 604 பக்கங்கள். எந்தப் பக்கமும் ஓர் ஆயத்தின் இடையில் முறிவதில்லை. உஸ்மானியத் துருக்கியர் காலத்திலிருந்து வரும் இப்பக்க அமைப்பு, மனனம் செய்யும் ஹாஃபிழ்களுக்கு எத்தகைய உதவி என்பதை அவர்களே அறிவர். ஆயத்து பக்கத்தின் எவ்விடத்தில் நின்றது என்பதும் அவர்தம் நினைவில் பதிந்துவிடுகிறது. பக்க அமைப்பு என்பது அலங்காரம் அன்று, ஊழியம் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஐரோப்பாவின் புதுமை

முதல் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் இக்கலை ஒரு கொள்கையாகவே வடிவெடுத்தது. 1919-இல் ஜெர்மனியின் வைமார் நகரில் தொடங்கப்பெற்ற பௌஹவுஸ் கலைக்கூடம், கைவினைஞனையும் ஓவியனையும் ஒரே கூரையின் கீழ்க் கொணர்ந்தது. அங்குப் பணியாற்றிய ஹெர்பர்ட் பேயர், பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே வேண்டாம் என்று கூறி 1925-இல் புதிய எழுத்துருவம் வகுத்தார். அதே ஆண்டில் வியன்னாவில் ஓர் அருங்காட்சியகத்தை நிறுவிய ஓட்டோ நியூராத், எழுத்தறியாதோருக்கும் நாட்டின் புள்ளிவிவரங்கள் விளங்குமாறு படக்குறிகளை உருவாக்கினார். இன்று விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் நாம் காணும் படக்குறிகளுக்கு அவை முன்னோடிகள்.

ஜான் சிகோல்ட் என்பாரின் வாழ்க்கை இவ்வரலாற்றில் ஒரு பாடம். 1928-இல் அவர் எழுதிய நூல், பழைய அச்சு முறைகளை அடியோடு மறுத்தது. 1933-இல் நாஜிகள் ஆட்சியைப் பிடித்தனர், பௌஹவுஸ் மூடப்பட்டது, சிகோல்ட் சிறைப்பட்டார், பின்னர் சுவிட்சர்லாந்தில் அடைக்கலம் புகுந்தார். கொடுங்கோன்மையை நேரிற் கண்ட அவர், ‘எல்லா நூல்களும் இப்படித்தான் அமைய வேண்டும்’ என்னும் தம் பழைய பிடிவாதத்திலும் அதன் சாயல் இருப்பதை உணர்ந்து, மரபு வழிக்கே திரும்பினார். 1947 முதல் 1949 வரை லண்டனில் பெங்குவின் நிறுவனத்தின் மலிவு விலை நூல்களைச் செப்பம் செய்தார். ஏழை வாசகர் வாங்கும் நூலும் செல்வர் வாங்கும் நூலைப் போன்றே கண்ணுக்கு இதமாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர் உழைத்த உழைப்பு, அவர்தம் கொள்கைப் போரினும் பெரிது.

நம் நாட்டிற்கு இச்சிந்தனை அரசின் வழியாக வந்தது. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் அவர்தம் துணைவியார் ரேயும் 1958-இல் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தனர். இந்தியாவில் தாம் கண்ட பொருள்களுள் மிகச் சிறந்த வடிவமைப்பு என்று அவர்கள் பாராட்டியது, நம் வீட்டுச் செம்பை! பெயர் தெரியாத கைகள் தலைமுறை தலைமுறையாகத் திருத்தித் திருத்தி அமைத்த வடிவம் அது. அவ்வறிக்கையின் பயனாக 1961-இல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றிற்று.

பெயர் எழுதாத காத்திபுகள்

பெயர் தெரியாத கைகள் என்றவுடன், நம் சமுதாயத்தின் அரபுத் தமிழ்க் கிதாபுகள் நினைவுக்கு வருகின்றன. அரபி எழுத்தை ஓதக் கற்ற நம் பெண்மக்களுள் பலர் தமிழ் எழுத்தைக் கற்க வாய்ப்பில்லாதிருந்த காலம் ஒன்று உண்டு. அவர்கள் அறிந்த எழுத்திலேயே அவர்கள் பேசும் மொழியைத் தருவது எப்படி? அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு என்ன செய்வது? நம் முன்னோர் புதிய எழுத்துகளைத் தேடி எங்கும் அலையவில்லை. உள்ள அரபி எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டி, டகரம், பகரம், ளகரம், ழகரம் போன்றவற்றுக்கு வடிவம் கண்டனர். எகர ஒகரங்களுக்குத் தனிக்குறி அமைத்தனர். வாசகரின் தேவையிலிருந்து தொடங்கி, உள்ளதை வைத்தே சிக்கலை அவிழ்க்கும் இம்முறையைத்தான் இன்று வடிவமைப்புக் கல்லூரிகள் முதற்பாடமாகக் கற்பிக்கின்றன.

கீழக்கரை இமாமுல் அரூஸ் செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898) அவர்களின் ‘ஃபத்ஹுத் தய்யான்’ போன்ற மார்க்க நூல்கள் இவ்வெழுத்தில் வீடுதோறும் பரவின. சென்னையில் ஷாஹுல் ஹமீதிய்யா அச்சகம் போன்றவை இத்தகைய கிதாபுகளை வெளியிட்டன. இவை பெரும்பாலும் ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிடப்பெற்றவை அல்ல, கல்லச்சில் வெளிவந்தவை. அரபி எழுத்து, சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் வேறுவேறு வடிவு கொள்வது. உயிர்க்குறிகளும் மேலும் கீழும் நிற்பவை. இத்தனையையும் ஈயத்தில் வார்ப்பது பெருஞ்செலவு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியர் செனஃபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சு இதற்கு வழி காட்டிற்று. காத்திபு பசை நீங்காத எண்ணெய் மையால் தாளில் எழுதுவார். அதனைச் சுண்ணக்கல்லில் ஒற்றுவர். கல்லை நீரால் நனைத்தபின் அச்சு மை பூசினால், எழுத்துள்ள இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஆக, அச்சுப் புத்தகத்தைப் படித்த பெண்மணி, உண்மையில் ஒரு மனிதரின் கையெழுத்தையே படித்தார். அந்த மனிதரின் பெயரோ பெரும்பாலும் நமக்குத் தெரிவதில்லை.

உருது உலகிலும் இம்மரபு நெடுங்காலம் நின்றது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927-இல் செய்யிது அஸ்மதுல்லா அவர்கள் தொடங்கிய ‘முஸல்மான்’ நாளேடு, காங்கிரஸ் தலைவர் டாக்டர் அன்ஸாரி அவர்களால் தொடங்கி வைக்கப்பெற்றது. கணிப்பொறிகள் வந்துவிட்ட 21-ஆம் நூற்றாண்டிலும் காத்திபுகள் கைப்பட எழுதியே அவ்வேடு வெளிவந்தது. அவர்களுள் பெண்களும் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழ் எழுத்தின் பயணம்

தமிழ் அச்சுக்கும் நெடிய வரலாறு உண்டு. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறிற்று. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியில் வார்த்தனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவிற் பெரியனவாய் இருந்தமையால், தரங்கம்பாடி மிஷனரிகள் சிறிய எழுத்துகளைத் தாமே வார்த்தனர். வீரமாமுனிவர் எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை வடிவில் தெளிவாக்கினார். சென்னையில் அமெரிக்கன் மிஷன் அச்சகத்தின் பி.ஆர். ஹண்ட் தமிழ் எழுத்துகளைச் செப்பமுற வார்ப்பித்து, 1862-இல் வின்ஸ்லோவின் பேரகராதியை அச்சிட்டார். தந்தை பெரியார் 1935-இல் தம் ‘குடிஅரசு’ இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை, 1978-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. ணா, றா, னா, லை, ளை போன்றவை இன்றுள்ள வடிவைப் பெற்று நிலைத்தது அதன் பின்னரேயாகும்.

சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர், எழுத்துகளையும் குறிகளையுமே பொருளாகக் கொண்டு 1963 முதல் ஓவியங்கள் தீட்டினார். 1966-இல் தென்சென்னைக்கு அப்பால் ஈஞ்சம்பாக்கத்தில் அவர் தலைமையில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழுந்தது. ஓவியர்கள் கைவினைப் பொருள்கள் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கினர். அக்கல்லூரியிற் பயின்ற கே.எம். ஆதிமூலம் (1938–2008), தமிழ் இதழ்களின் தலைப்புகளுக்கும் நூல்களின் மேலட்டைகளுக்கும் எழுதிய எழுத்துகள், தமிழெழுத்தும் ஓவியமாகலாம் என்று காட்டின. கணிப்பொறிக் காலத்திலோ, தமிழர் பலர் முதன்முதலாகத் திரையிற் கண்ட ‘லதா’ எழுத்துருவை வடித்தவர் மும்பையின் ஆர்.கே. ஜோஷி (1936–2008) என்னும் மராட்டிய எழுத்தோவியர். ஒரு மொழியின் எழுத்துக்கு மற்றொரு மொழியினர் செய்த இத்தொண்டு நன்றியுடன் நினைக்கத்தக்கது.

தாம்பரம் பாதையிலுள்ள கிண்டியில், அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளியிற் பயின்றவர் கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த த. உதயகுமார். பின்னர் மும்பை ஐ.ஐ.டி.யில் தமிழ் அச்செழுத்தைப் பற்றியே ஆராய்ந்தார். 2010-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் இந்திய அரசு ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறி அவர் வடித்தது. மூவாயிரத்திற்கும் மேற்பட்ட வரைவுகளிலிருந்து தேர்வு பெற்ற அக்குறி, இன்று நாட்டின் ஒவ்வொரு நோட்டிலும் உள்ளது. அதனைத் தொடாத கை இல்லை. வரைந்தவரின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. காத்திபுகளின் கதையே இங்கும் தொடர்கிறது.

நாம் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பயன் என்ன?

முதலாவது, கிதாபுகளைப் பற்றியது. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து வந்து சென்னைப் புறநகர்களில் குடியேறிய குடும்பங்கள் பல. ஊர் வீட்டை விற்கும்போதும், புது வீட்டிற்குப் பெயரும்போதும், பாட்டிமார் ஓதிய அரபுத் தமிழ்க் கிதாபுகள் ‘படிக்க ஆளில்லை’ என்னும் காரணத்தால் கிணற்றிலும் கடலிலும் சேர்கின்றன. ஆயத்துகள் காலடியில் பட்டுவிடலாகாது என்னும் பேணுதலே அதற்குக் காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கரைப்பதற்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வைப்பதற்கு இன்று ஒரு கைப்பேசி போதும். கடைசிப் பக்கத்தில் எழுதியவர் பெயரோ, ஆண்டோ, அச்சகமோ இருப்பின் அதனைக் குறித்து வைத்தல் வேண்டும். சிதையாத கிதாபாயின் நூலகம் ஒன்றிடம் ஒப்படைப்பதே மேல். அழிவது காகிதம் மட்டும் அன்று. ஒரு சமுதாயத்தின் அறிவுத்திறன் பெற்ற வடிவம்.

இரண்டாவது, நாம் அச்சிடுவனவற்றைப் பற்றியது. திருமண அழைப்பிதழிலும், விழாத் துண்டறிக்கையிலும், சுவரொட்டியிலும் திருவசனங்களை அழகிய எழுத்தணியில் அச்சிடுகிறோம். விழா முடிந்த மறுநாள் அவை கிடக்கும் இடத்தை எண்ணினால் உள்ளம் பதறும். எதனை அச்சிடுவது என்பதைப் போலவே, எதனை அச்சிடாதிருப்பது என்பதும் வடிவமைப்பின் பகுதியே. வெற்றிடம் வீண் இடம் அன்று. அழைப்பிதழில் நாளும் நேரமும் இடமும் கண் மங்கிய முதியவருக்கும் தெளிவாகத் தெரியட்டும். அதுவே வரும் விருந்தினருக்கு முதல் உபசாரம்.

மூன்றாவது, நம் பிள்ளைகளைப் பற்றியது. எழுத்தழகும் வரையும் கையும் வாய்க்கப்பெற்ற மகனையோ மகளையோ, ‘இது சோறு போடாது’ என்று தடுத்துவிடும் பெற்றோர் நம்மிடையே உண்டு. எழுத்தணிக் கலை உருவ வணக்கத்திற்கு இடங்கொடாத கலை. பக்தாத் முதல் மதீனா வரை நம் மார்க்கம் அரவணைத்த கலை. தமிழ் எழுத்துக்கோ, இன்னும் நூற்றுக்கணக்கான நல்ல வடிவங்கள் தேவைப்படுகின்றன. அரபி எழுத்தின் அளவையும் தமிழ் எழுத்தின் வளைவையும் ஒருங்கே அறிந்த கை, நம் வீட்டுப் பிள்ளைகளின் கையன்றி வேறு எது?

அவர்கள் அக்கலையைக் கற்று, தாம் எழுதியதன் அடியில் தம் பெயரையும் எழுதும் நாள் வரட்டும். பெயர் எழுதாமலே போன காத்திபுகளுக்கும் அவ்வெழுத்தில் ஒரு பங்கு உண்டு. வல்ல நாயன் அவர்களின் உழைப்பை ஏற்று அருள்வானாக. ஆமீன்.